ரெண்டாவது பிரேக்

இல்லம்மா, எனக்கு இல்ல, எனக்கு ஓட்டவே தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு. லைசென்ஸ் புதுப்பிக்கணும். இந்த வயசுக்கு மேல போயிட்டா கண்ணைப் பாத்துட்டுதான் குடுப்பாங்களாம், அதுக்குத்தான் உள்ள போயிருக்காரு. அதோ அந்தக் கண்ணாடிக் கதவு இருக்குல்ல, அதுக்குள்ள. என்னை வெளியிலயே நிறுத்திட்டாங்க. நானும் கூட வரலாமான்னு கேட்டேன். ஓட்டப்போறது அவரா நீங்களான்னு கேட்டா அந்தக் கவுண்டர் பொண்ணு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம வந்து உக்காந்துட்டேன்.

இருங்க, பையை எடுத்துடறேன், தாராளமா உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? விலாசம் மாத்தவா? ஓ, வீடு மாறியிருக்கீங்களா. அது சட்டுனு முடிஞ்சுடும்மா. முடிஞ்சாலும் சட்டுனு கூப்பிட மாட்டாங்க, அது வேற விஷயம். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் இங்க இருக்குற அத்தனை பேரும் கையில இருக்குற சீட்டைப் பாத்துக்குறாங்க, கவனிச்சீங்களா? நம்பர் அதுக்குள்ள மாறிடவா போகுது?

நான் பேசிட்டே இருந்தா தப்பா நினைச்சுக்காதீங்க. பேச ஆள் கிடைச்சா விட மாட்டேன் நான். இல்லல்ல, வீட்டுல ஆள் இருக்காரு. இருக்காரு, அவ்வளவுதான்.

அவரு யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஆமாங்கறேன்! இந்த ஊருல ஸ்டியரிங் பிடிக்கிறவங்கள்ல பாதிப் பேரு அவர்கிட்ட திட்டு வாங்கினவங்க. இந்த ஆபீஸுக்கே தினம் தினம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துட்டு இருந்தாரு. அப்பல்லாம் யாரையும் கேக்காம அந்தக் கதவைத் தள்ளிட்டு உள்ள போவாரு, எழுந்து நின்னு வாங்க மாஸ்டர்ம்பாங்க. இன்னிக்கு நம்பர் சீட்டு வாங்கிட்டு இந்த நாற்காலியில உக்காந்திருந்தாரு. பேரு என்ன, சரியாச் சொல்லுங்கன்னு அந்தப் பொண்ணு அதட்டுது. புதுசு போல. பழைய ஆளு ஒருத்தரையும் காணோம்.

உங்களுக்கும் அவர்தான் கத்துக்குடுத்தாரோ? இல்லையா. வேற ஊரா. அப்படியா, சரிதான்.

கடைத்தெருவுல யாராவது என்னை நிறுத்தி, நீங்க மாஸ்டர் வீட்டம்மாதானேம்பாங்க. எங்க மாஸ்டர் மாதிரி வருமா, சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துடும், கிளாஸ் முடிய மனசே வராதும்பாங்க. நான் அப்படியே முழிப்பேன். யாரைச் சொல்றாங்க இவங்கன்னு இருக்கும். எங்க வீட்டுக்கு வர்ற மனுஷன் கல்லுளிமங்கன்மா! வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். சட்டை எங்க, தண்ணி குடு, விளக்கை அணை. இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நான் கேட்டா, நாள் முழுக்கக் கத்திட்டு வந்திருக்கேன், வீட்டுலயாவது சும்மா இருக்க விடுன்னுவாரு. சண்டைகூட போட மாட்டாரு. போட்டாலாவது நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

ஒரே பொண்ணு எங்களுக்கு. தூரத்துல குடுத்திருக்கோம். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. அப்பாகிட்ட குடும்மாம்பா. குடுத்தா, ம், நல்லா இருக்கேன், இந்தா அம்மாகிட்ட பேசு. முடிஞ்சது. அவ என்கிட்ட கேப்பா, எப்படிம்மா இருக்கேன்னு. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது, அவளுக்கு அவ பாடே பெரும்பாடு.

எனக்கா? கத்துக்குடுக்கவே இல்லம்மா. ஒரு தடவை கேட்டேன். உனக்கெதுக்கு அதெல்லாம்னுட்டாரு. பொண்டாட்டிக்கு டிரைவிங் சொல்லிக்குடுத்தா ஸ்டியரிங்கும் போயிடும் பொண்டாட்டியும் போயிடுவான்னு ஸ்டூடண்டுங்ககிட்ட ஜோக்கடிப்பாராம். அதையும் யாரோ ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

வேலையை விட்டப்ப ஸ்கூல் கார்ல ஒண்ணை அவரே எடுத்துக்கிட்டாரு. வெளிய நிக்குது பாருங்க, அந்த வெளுத்துப்போன நீலம். பழகுறவங்க வண்டின்னு எல் எழுத்து போட்டிருந்ததைச் சுரண்டியிருக்காரு, இன்னும் அந்தத் தடம் தெரியுது. அந்த மாதிரி வண்டியில ரெண்டு பிரேக் இருக்கும், தெரியுமில்லையா? ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்குறவருக்கு ஒண்ணு. அதைக் கழட்டிடுங்களேன்னு மெக்கானிக் சொன்னாரு. இவரு விடல. காலுக்குப் பழகினதுன்னுட்டாரு.

அப்புறம்தான் கண்ணு போக ஆரம்பிச்சுது. மொதல்ல நான் கவனிக்கல. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுட்டு வருவாரு. கடிகாரத்தைப் பாக்காம மணி என்னன்னு கேப்பாரு. வயசாகுதுன்னு விட்டுட்டேன். ஒருநாள் கடைக்குக் கிளம்பினோம், நான் பின்கதவைத் திறக்குறேன், எப்பவும் பின்னாடிதானே உக்காருவேன், முன்னாடி வந்து உக்காருன்னாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உக்காந்தேன். தெருமுனை வந்ததும், சிவப்பா பச்சையான்னு கேட்டாரு. ஏன், உங்களுக்குத் தெரியலையான்னேன். அதையேதான் திரும்பக் கேட்டாரு. பச்சைன்னேன். போயிட்டாரு.

நடுவுல கறுப்பா இருக்காம்மா. ஓரத்துல எல்லாம் தெரியுதாம், நேரா பாத்தா ஒண்ணுமில்லையாம். கண்ணாடி போட்டாலும் சரி, ஆபரேஷன் பண்ணாலும் சரி, அது திரும்பாதுன்னுட்டாங்க ஆஸ்பத்திரியில. என் மூஞ்சியைப் பாக்கணும்னா அவரு என் காதைப் பாக்கணும். காதைப் பாத்தாத்தான் மூஞ்சி தெரியுமாம். முன்னெல்லாம் நேரா தெரிஞ்சப்ப ஒரு நாள் ஏறெடுத்துப் பாத்ததில்ல. இப்ப தலையைச் சாய்ச்சு, காதைப் பாத்து, என்ன, பவுடர் போட்டிருக்கியாங்கறாரு! எனக்கு வெக்கமா வந்துச்சுன்னா பாத்துக்குங்க.

ஆமா. அப்படித்தான் ஓட்டினோம். ஐயையோங்கறீங்க, தெரியும், திட்டணும்னா திட்டிக்குங்க. கை அவரோடது, கண்ணு என்னோடது, அந்த ரெண்டாவது பிரேக் மேல என் காலு. முன்னாடி ஒரு லாரி நிக்குது. சைக்கிள் வருது, கொஞ்சம் ஒதுங்குங்க. பஸ் ஸ்டாப்புல கூட்டம், மெதுவா. நான் சொல்லச் சொல்ல அவரு போவாரு. கத்துக்குடுக்கலன்னாரே, மூணு மாசத்துல ரோட்டுல இருக்குற அத்தனையும் எனக்கு அத்துப்படி. நீ நல்ல மாஸ்டரா வந்திருப்படின்னாரு ஒருநாள். டி போட்டுக் கூப்பிட்டதே அப்பத்தான்.

பேச ஆரம்பிச்சுட்டாரும்மா. அதைத்தான் சொல்ல வந்தேன். பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்து, இஞ்சின் ஓடினா, அவருக்கு வாய் தானா திறந்துக்குது. எனக்காகப் பேசினாரா, பழக்கத்துல பேசினாரா, எனக்குத் தெரியாது. அந்த ஜோக்கெல்லாம் அப்பத்தான் கேட்டேன். ஒரு டாக்டரம்மா ரிவர்ஸ் எடுக்குறேன்னு நேரா டீக்கடைக்குள்ள போய், அப்படியே ஜன்னலை இறக்கி டீ சொன்ன கதை. ஒரு போலீஸ்காரரு டெஸ்ட்டுல அழுத கதை. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சிருக்கேன், ரோட்டைச் சொல்ல முடியாம திணறியிருக்கேன். இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டு எனக்கு மட்டும் ஒண்ணுமே குடுக்கலையேன்னு அழுகையும் வரும்.

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினா தீந்துச்சு. பேச்சும் சேந்து நின்னுடும். செருப்பைக் கழட்டும்போதே பழைய ஆளாயிடுவாரு. அதனால நான் ஒரு வேலை பண்ணுவேன். அந்த ரோட்டுல தோண்டிப் போட்டிருக்காங்க, இப்படிப் போங்கன்னுவேன். தோண்டியே இருக்காது. சுத்து வழியா கூட்டிட்டுப் போவேன். பால் பாக்கெட் வாங்கக் கிளம்பினா ஊரையே ஒரு வட்டம் போட்டுட்டு வருவோம். அவருக்குத் தெரியாதாங்கறீங்களா? இந்த ஊரு ரோடு அவரு உள்ளங்கை. ஒருநாளும் கேக்கல. சரி சரின்னு திரும்புவாரு.

பொண்ணுக்கா? மூச்சு விடல. சொன்னா அன்னிக்கே வண்டியை வித்துடுவா.

ஆனா பயம் இல்லாம இல்லம்மா. எனக்குத் தும்மல் வந்தா என்ன பண்றதுன்னுகூட யோசிச்சிருக்கேன். கேளுங்க, போன வாரம் என்ன ஆச்சுன்னா, மார்க்கெட் பக்கமா போயிட்டு இருக்கோம். நல்ல வெயில். அவரு திடீர்னு, கல்யாணமான புதுசுல நீ சமையல்கட்டுல பாடிட்டே இருப்பியே, ஏன் விட்டுட்டன்னு கேட்டாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த மனுஷன் அதைக் கேட்டிருக்காரா? நான் பாடினது இவரு காதுல விழுந்திருக்கா? எத்தனை வருஷம்! என்னைப் பத்தி அவரு கேட்ட மொத கேள்வி அதுதான். நான் அவரையே பாத்துட்டு இருக்கேன். என்ன சொல்றது, எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன். ரோட்டை மறந்தே போயிட்டேன்.

திரும்புறேன், ஒரு ஆளு. பையைத் தூக்கிக்கிட்டு ரோட்டைக் கடந்துட்டு இருக்காரு, எங்க வண்டிக்கு நேரா. நிறுத்துங்கன்னு கத்தக்கூட நேரமில்ல. காலு மட்டும் மிதிச்சிடுச்சு. வண்டி குலுங்கி நின்னுச்சு. அவரு மேல படல, சாமி காப்பாத்துச்சு. பை மேல இடிச்சு, தக்காளி எல்லாம் உருண்டு ஓடுது. அந்த மனுஷனுக்கு எங்க வயசுதான் இருக்கும். திட்டல, ஒண்ணும் பண்ணல. கண்ணாடி வழியா என்னைப் பாத்துட்டே நின்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்க ஆரம்பிச்சாரு.

என்ன ஆச்சுன்னு கேட்டாரு இவரு. வேகத்தடைன்னேன்.

ஆமாம்மா. வேகத்தடைன்னு சொன்னேன். முன்னாடியே சொல்லணும்டி, ஸ்பிரிங் போயிடும்னாரு. சொல்லிட்டு, சரி, ஏன் பாடறதை விட்டுட்ட, சொல்லுன்னு மறுபடி கேட்டாரு. அந்த ஆளு இன்னும் பொறுக்கிட்டு இருக்காரு. வலது பக்கமா எடுத்துப் போங்கன்னு மட்டும் சொன்னேன். வீடு வர்ற வரைக்கும் ரோட்டைத் தவிர வேற எதையும் நான் சொல்லல, அவரும் அப்புறம் கேக்கல.

நீங்க சொல்றது சரிதான், அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். சொல்லிப் பாக்காம இருப்பேனா? போதுங்க, இனிமே ஓட்ட வேணாம், எங்க போகணும்னாலும் ஆட்டோ வெச்சுக்கலாம்னேன். நீ பக்கத்துல இருக்கும்போது எனக்கென்னன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதைக் கேட்டுட்டு எப்படிம்மா எதிர்த்துப் பேசறது? சரி, நான் வரமாட்டேன்னு ஒருநாள் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டேன். தனியா சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. வாசல் கேட்டுல போய் இடிச்ச சத்தம் கேட்டு ஓடினேன். கேட்டு வளைஞ்சு கிடக்கு. இவரு ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு, நீ வரலைன்னா இப்படித்தான்ங்கறாரு.

ஒரே ஒரு வழிதான். அவருக்குச் சட்டம்னா சட்டம். லைசென்ஸ் இல்லாம வண்டியைத் தொட்டவன் என் ஸ்டூடண்டே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. லைசென்ஸ் முடியப்போகுதுன்னு தெரிஞ்சதுலருந்து ஒரே படிப்பு வீட்டுல. என்ன படிப்பா? உள்ள சுவத்துல ஒரு எழுத்து அட்டை தொங்குமே, மேல பெருசா ஆரம்பிச்சு கீழ வரவர பொடியாயிடும், அதுதான். வருஷக்கணக்கா ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து அது முன்னாடி நிறுத்தியிருக்காரே, மாறவே இல்லையாம் அந்த அட்டை. தலைகீழா ஒப்பிக்கிறாரு. சாப்பிட்டதும் என்னை உக்கார வெச்சு, கேளுடி, மூணாவது வரியைக் கேளுன்னுவாரு. நானும் கேப்பேன். தப்பு விட்டா திருத்துவேன். சரியாச் சொல்லிட்டா பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம். வீட்டுல, வண்டி இல்லாமலே பேசினோம் அந்தக் கொஞ்ச நாளு. பாஸாகி வந்ததும் உன்னை நேரா கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. எனக்கு அங்க போகணும்னு ரொம்ப நாளா ஆசை. அது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

இல்லம்மா. பாஸாக மாட்டாரு.

எப்படின்னா, அட்டையை மாத்தியிருப்பாங்க இன்னிக்கு. நான்தான் மாத்தச் சொன்னேன். முந்தாநாள் மத்தியானம் அவரு படுத்திருந்தப்ப, தையக்காரர்கிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டு பஸ் ஏறி இங்கதான் வந்தேன். உள்ள இருக்குற கண் டாக்டரைப் பாத்தேன். சார், இந்த மாதிரி ஒருத்தர் வருவாரு, பழைய மாஸ்டரு, அந்த அட்டை அவருக்கு மனப்பாடம், வேற எதையாவது காட்டுங்கன்னேன். நீங்க யாருன்னு கேட்டாரு. அவரு சம்சாரம்னேன். டாக்டர் பேனாவைக் கீழ வெச்சாரு. தண்ணி குடிக்கிறீங்களாம்மான்னு கேட்டாரு.

அழல, அழல. கண்ணு எரியுது, ஃபேனுக்கு நேரா உக்காந்திருக்கேன்ல.

கண்டுபிடிச்சுடுவாரு. ஏன் மாட்டாரு? அட்டை மனப்பாடம்னு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே ஒருத்திதானே. உள்ள நின்னுட்டு இருக்கும்போதே புரிஞ்சிருக்கும். நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்லம்மா. கேட்டா ஆமான்னு சொல்லிடுவேன். அந்தத் தக்காளி விஷயத்தையும் சொல்லிடுவேன். கேக்கணுமே. அவரு கேக்க மாட்டாரு. கேட்டாருன்னா, திட்டினாருன்னா, எனக்குப் பயமே இல்ல. அந்த வீட்டுல மறுபடி அந்தச் சத்தமில்லாம உக்காந்திருக்கணுமே, அதுக்குத்தான் பயம். பேச்சே கேக்காம இருந்தப்ப இவ்வளவு தெரியல. ருசி கண்டுட்டேன்.

அதோ, கதவு திறக்குது. அவர்தான். சட்டையை இழுத்து விட்டுக்குறாரு பாருங்க. எல்லாரையும் தாண்டி எங்கேயோ பாக்குற மாதிரி நிக்கிறாரே, என்னைத்தான் தேடுறாரு. கையில ஒண்ணும் இல்ல. இல்ல, குடுக்கல. குடுத்திருந்தா அந்த நடையே வேறயா இருக்கும்.

கூப்பிடறேன், இருங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதைக் கேக்கத் தைரியம் வராமத்தான் இவ்வளவு நேரம் பேசிட்டே இருந்தேன். உங்க வேலை முடிஞ்சதும் எங்களைக் கொஞ்சம் வீட்டுல விட்டுட முடியுமா? எங்க வண்டியிலதான். வரும்போது அவரு ஓட்டிட்டு வந்தாரு, போகும்போது தொட மாட்டாரு. ஆட்டோ பிடிச்சா வண்டியை இங்க அனாதையா விட்டுட்டு வரவும் மாட்டாரு. ரொம்ப தூரமில்ல, எங்க தெருமுனையிலயே உங்களுக்கு பஸ் கிடைக்கும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கோம்.

வர்றீங்களா? நல்லா இருப்பீங்க தாயி.

அவரு முன்னாடி, உங்க பக்கத்துல உக்காரட்டும். வாத்தியார் சீட்டு அது. பிரேக்கை மிதிச்சாலும் மிதிப்பாரு, பயந்துடாதீங்க. நான் பின்னாடி உக்காந்துக்குறேன். இன்னிக்கு என்கிட்ட பேச மாட்டாரு. நாளைக்கும் மாட்டாரு. அப்புறம் எப்பன்னு தெரியல. ஆனா பக்கத்துல ஒருத்தர் ஓட்டினா அவரால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. கண்ணு தெரியலன்னா என்ன, கியர் விழுற சத்தம் கேக்குமே.

நீங்க நல்லாவே ஓட்டுவீங்க, எனக்குத் தெரியுது. இருந்தாலும் எனக்காக, வழியில ஒரு தடவை கிளட்சைப் படக்குனு விட்டுடுங்க. வண்டி குலுங்கணும். அப்பவும் சும்மா இருந்தாருன்னா இன்னொரு தடவை. கத்துவாரு, மனசுல வெச்சுக்காதீங்க. கத்தி முடிச்சதும் கதை சொல்ல ஆரம்பிப்பாரு. உங்ககிட்டதான் சொல்லுவாரு, பரவாயில்ல. நான் பின்னாடி உக்காந்து கேட்டுட்டு வரேன்.